பெருந்தலைவரும் பழுப்பு நிலக்கரியும்

சேவூர் மாணவர், இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். மறைந்த தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதலாம் என்று அதில் இருந்தது. நான் உடனே கர்மவீரர் காமராசர் என்று பெயர் கொடுத்துவிட்டேன். ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் மனப்பாடம் பண்ணி, மூச்சு விடாமல் ஒப்பித்து, ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கிய அதே தலைப்பு! சுலபமாக எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்தபோது பழைய ஒப்பித்தல் எதுவும் வரவில்லை. கண் முன்னால் வந்து நின்றது, போன வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று நாம் எல்லோரும் போய் வந்த நெய்வேலி.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் ஆரணியில் பஸ் ஏறி, சேத்துப்பட்டு, செஞ்சி, விழுப்புரம், பண்ருட்டி என்று பாட்டும் கூத்துமாகப் போனோம். வள்ளலார் அணையா அடுப்பை ஏற்றிய வடலூரைத் தாண்டியதும் நெய்வேலி. சுரங்கத்தின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தபோது பஸ்ஸில் ஆட்டம் போட்ட நம்ம பசங்க ஒருத்தன் வாயிலும் பேச்சு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பள்ளம். அதற்குள் படிப்படியாக மண் அடுக்குகள். அடியில் கருத்துப்போன ஒரு தளம். அதன் மேல் எறும்பு மாதிரி நகரும் லாரிகள்.

எனக்கு எங்க வீட்டுத் தறிக்குழி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள் நண்பர்களே! சேவூரில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவனுக்கு முதலில் தெரிந்த பள்ளம் அதுதானே. அப்பா அந்தக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். அம்மாவும் நானும் சொம்பால் இறைத்து இறைத்து ஊற்றுவோம். தண்ணீர் வற்றுகிற வரைக்கும் தறி ஓடாது, கூலியும் கிடையாது. நெய்வேலியிலும் இதே கதைதான் என்று அன்றைக்கு நம்மைக் கூட்டிப்போன பொறியாளர் விளக்கினார். அங்கேயும் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்தால்தான் வேலை நடக்கும். குழிதான் பெரிசு, கஷ்டம் ஒன்றுதான்.

அந்தப் பெரிய குழியை நாட்டுக்குக் கொண்டு வந்ததில் பெரும் பங்கு ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஒரு மனிதருக்கு உண்டு. அவர் கதையை அந்தக் குழியின் கரையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

விருதுப்பட்டிச் சிறுவன்

இன்றைய விருதுநகர் அன்றைக்கு விருதுப்பட்டி. வியாபாரிகளின் ஊர். அங்கே 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி குமாரசாமி - சிவகாமி அம்மாள் தம்பதிக்கு மகனாகப் பிறந்தார் காமராசர். குலதெய்வமான காமாட்சியின் பெயரைத்தான் முதலில் வைத்தார்கள். வீட்டில் ராஜா என்று செல்லமாகக் கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜா என்றாகி, பிறகு காமராஜ் என்று நிலைத்தது.

சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஆண் துணை இல்லாத வீடு, ஒரு தங்கச்சி, அம்மாவுடைய நகைகளை விற்று வந்த பணம். இது போதாதா படிப்பை நிறுத்த? நம்மில் பல பேர் வீட்டில் நடந்த கதைதானே இது! பள்ளிக்கூடத்தை விட்டவர் மாமாவின் துணிக்கடையில் போய் நின்றார். நெசவாளி நெய்ததை விற்கிற இடத்தில் அவர் வாழ்க்கை தொடங்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

கடையில் துணி கிழித்துக் கொடுத்த கை, வேலை முடிந்ததும் செய்தித்தாளைத் தேடியது. ஊரில் நடந்த அரசியல் கூட்டங்கள் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்தார். இப்படியே விட்டால் பையன் கெட்டுப்போவான் என்று பயந்து, திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பினார்கள். அங்கே போயும் அடங்கவில்லை. 1924ல் வைக்கத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தபோது அதில் சேர்ந்துகொண்டார். திரும்பக் கூப்பிட்டு, பெண் பார்த்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்று மறுத்தவர் கடைசிவரை தனியாளாகவே வாழ்ந்தார்.

சிறையே கல்லூரி

1930ல் உப்புச் சத்தியாகிரகம். வேதாரண்யம் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கைதாகி, கல்கத்தாவின் அலிப்பூர் சிறை வரை போனார். அதுதான் முதல் சிறை. அதன் பிறகு சிறை அவருக்கு அடிக்கடி போய் வருகிற வீடு மாதிரி ஆகிவிட்டது. மொத்தம் ஏறத்தாழ மூவாயிரம் நாட்கள் உள்ளே இருந்திருக்கிறார். நாம் மூன்று வருஷ டிப்ளமோவையே எப்போது முடியும் என்று நாள் எண்ணுகிறோம்!

பள்ளியில் கிடைக்காத படிப்பைச் சிறையில்தான் படித்தார். ஆங்கிலப் புத்தகங்களைக்கூட அங்கேதான் படித்துப் பழகினார். நம்ம பக்கத்து வேலூர் சிறையிலும் இருந்திருக்கிறார். அவர் அங்கே இருந்த 1941ல் விருதுநகர் நகராட்சிக்குத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், முழு நேரமும் செய்ய முடியாத பதவியை வைத்துக்கொள்வது சரியல்ல என்று உடனே ராஜினாமா செய்துவிட்டார்.

1937ல் சாத்தூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 1940ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மறுபடியும் சிறை, 1945ல்தான் விடுதலை. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. எந்தத் தொகுதியில் நின்று ஜெயித்தார் தெரியுமா நண்பர்களே? நம்ம பழைய வடஆற்காடு மாவட்டத்துக் குடியாத்தம்! அதுவும் தறி ஓடுகிற ஊர்தான். ஆக, முதலமைச்சர் காமராசரை முதன்முதலில் சட்டமன்றத்துக்கு அனுப்பிய பெருமை நம்ம மாவட்டத்து நெசவாளிகளுக்கும் உண்டு என்றால் அது மிகையாகாது.

அரை நாள் பள்ளி, அரை நாள் தறி

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 1953ல் வந்திருந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தவர்கள் பெயர் வைத்தது இதைத்தான். கிராமத்துப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் படித்துவிட்டு, மீதி நேரம் அப்பா செய்கிற தொழிலைப் பழக வேண்டும் என்பது அந்தத் திட்டம்.

இதை நான் பாடப் புத்தகத்தில் படித்தபோது சும்மா மார்க்குக்காகப் படித்தேன். இப்போது யோசித்தால் பகீர் என்கிறது. அந்தத் திட்டம் அப்படியே நீடித்திருந்தால் எங்க தெருவில் யார் எந்தக் குழியில் காலை விடுவார்கள் என்று பிறக்கும்போதே எழுதி வைத்த மாதிரி ஆகியிருக்கும். தறித் தொழில் கேவலம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் கைக்கு வருகிற புட்டா என் கைக்கு வராது. ஆனால் தறியா, படிப்பா என்று நானே தேர்ந்தெடுக்க ஒரு வழி வேண்டாமா? அந்த வழியைத் திறந்து வைத்தவர் காமராசர்.

அடுத்தது 1956ல் மதிய உணவுத் திட்டம். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு துணை நிற்க, ஊர் ஊராக மக்களிடம் பணமும் பொருளும் திரட்டி, பள்ளிகளில் சோறு போட்டார்கள். ஊர்களில் புதிய பள்ளிகள், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி, சீருடை என்று ஒவ்வொன்றாக வந்தன.

எங்க தாத்தா அந்தச் சோறு சாப்பிட்டவர். அதை இன்றைக்கும் சொல்வார். படிப்பு என்ன வந்தது என்று கேட்டால் சிரிப்பார். மூன்றாவது வரைக்கும் போனார், வீட்டில் கஷ்டம், தறியில் உட்கார வைத்துவிட்டார்கள். எங்க அப்பா எட்டாவது வரைக்கும் போனார், அவரும் தறிக்கு வந்துவிட்டார். மூன்றாவது ஆள் நான், இப்போது டிராயிங் ஹாலில் நிற்கிறேன். தாத்தா தட்டில் விழுந்த அந்தச் சோறு டிப்ளமோவாக மாற ஏறக்குறைய எழுபது வருஷம் ஆகியிருக்கிறது. ஆனாலும் மாறிவிட்டது அல்லவா!

கிணற்றில் வந்த கருப்பு

இனி நெய்வேலிக்கு வருவோம். பள்ளிக்கூடம் திறந்தால் போதுமா? படித்தவனுக்கு வேலை வேண்டும். வேலைக்குத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு? தமிழ்நாட்டில் நிலக்கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலிலும் கப்பலிலும் வர வேண்டும். மேட்டூர், பைக்காரா என்று நீர்மின் நிலையங்கள் இருந்தாலும் மழை பொய்த்தால் அவை படுத்துவிடும்.

நிலக்கரி வேறு ரூபத்தில் நம்ம காலடியிலேயே இருந்தது. 1930களில் தென்னாற்காடு மாவட்டம் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கருப்பாக ஒரு பொருள் வந்தது. வேறு யாராவது என்றால் கிணறு கெட்டுப்போச்சு என்று மூடியிருப்பார்கள். அவர் விடவில்லை, அதை அரசாங்கத்தின் பார்வைக்குக் கொண்டு போனார். 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்தப் பகுதியில் துளை போட்டுப் பார்த்து, பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பதை உறுதி செய்தது. பின்னாளில் முதலியார் தமக்குச் சொந்தமான நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தையும் இந்தத் திட்டத்துக்காகக் கொடுத்தார்.

பழுப்பு நிலக்கரி என்றால் என்ன? கரியாக மாறி முழுசாக முற்றாத கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதனால் ரயிலில் ஏற்றித் தூர ஊருக்கு அனுப்பினால் கட்டுப்படி ஆகாது. தோண்டின இடத்திலேயே எரித்து, கரண்டாக மாற்றிக் கம்பியில் அனுப்ப வேண்டும். பூமிக்கு அடியில் 50 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரைக்கும் மேல்மண். அந்த மண்ணில் கடலூர் மணற்பாறை என்ற கெட்டிப் பாறையும் உண்டு, மெஷின் பல்லையே தேய்த்துவிடும். நிலக்கரிக்குக் கீழே, அழுத்தத்தோடு மேலே பீறிட்டு வரத் துடிக்கிற ஊற்றுத் தண்ணீர். இவ்வளவு தொல்லை பிடித்த சுரங்கத்தில் பணத்தைப் போடலாமா என்று தயங்கியவர்கள் உண்டு.

மாநில அரசு 1950களின் தொடக்கத்திலேயே மாதிரிச் சுரங்கம் ஒன்றை வெட்டிப் பார்த்தது. காமராசர் முதலமைச்சர் ஆனதும் இந்தத் திட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிரதமர் நேருவிடமும் மத்திய அரசிடமும் வற்புறுத்தியபடியே இருந்தார். 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் மத்திய அரசு நிறுவனமாகப் பதிவானது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

தொடங்கிவிட்டால் மறுநாளே கரி வந்துவிடுமா? நான்கு வருஷம் வெறும் மண்ணையே அள்ளினார்கள். 1961 ஆகஸ்டில்தான் கரியைக் கண்ணால் பார்த்தார்கள். 1962ல் முதல் மின்சாரம். மேற்கு ஜெர்மனியின் இயந்திரங்கள் மண்ணை வெட்டின, சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அனல்மின் நிலையம் எழுந்தது. உலகமே இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த இரண்டு பக்கமும் நெய்வேலியில் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறது! யூரியா உரம் தயாரித்தார்கள். வீட்டு அடுப்புக்கு லெக்கோ என்ற கரிக்கட்டியும் தயாரித்தார்கள். உங்க வீட்டு ஆயாவைக் கேட்டுப் பாருங்கள், லெக்கோ அடுப்பு ஞாபகம் இருக்கும். உரமும் லெக்கோவும் பின்னால் நின்றுவிட்டன, மின்சாரம் மட்டும் நிற்கவில்லை.

முதலமைச்சராகக் காமராசர் இருந்தது ஒன்பதரை ஆண்டு. நெய்வேலி காகிதத்தில் இருந்து கம்பிக்கு வந்தது முழுவதும் அந்த ஒன்பதரை ஆண்டுக்குள்தான். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பாய்லர் தொழிற்சாலை, கிண்டித் தொழிற்பேட்டை, குந்தா நீர்மின் திட்டம் எல்லாம் அதே காலம். நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையும் அவர் காலத்து வேலைதான். பாலிடெக்னிக்குகள் பல தொடங்கப்பட்டதும் அப்போதுதான். அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டுமே! அப்படிப் பார்த்தால் நம்ம டிப்ளமோவும் நெய்வேலியும் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி.

மண்ணைக் கொடுத்தவர்கள்

நண்பர்களே, ஆறாம் வகுப்பில் என்றால் நான் இதோடு கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கியிருப்பேன். இப்போது முடியவில்லை.

நெய்வேலி விசிட் அன்றைக்குச் சாயங்காலம் மந்தாரக்குப்பத்தில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் தம்பி என்று கேட்டார். சேவூர் என்றேன், ஆரணிப் பட்டா என்று சந்தோஷப்பட்டார். நீங்க எந்த ஊர் தாத்தா என்று நானும் கேட்டேன். அவர் சுரங்கம் இருக்கிற திசைக்குக் கை நீட்டினார். அங்கே ஊர் எதுவும் இல்லையே என்று பார்த்தேன். அந்தப் பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில் எங்கேயோ அவருடைய ஊர் இருந்ததாம். முந்திரித் தோப்பு, பலா மரம், அய்யனார் கோயில் எல்லாம் இருந்ததாம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது கிளம்பி வந்தார்களாம். கூடப் பிறந்தவர் ஒருத்தருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, அதில்தான் குடும்பம் தலையெடுத்ததாம். கோபமாக எதுவும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் அந்த நீட்டின கை மறக்கவில்லை.

திறந்தவெளிச் சுரங்கம் எப்படி வேலை செய்யும் என்று நமக்குத் தெரியும். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் மண்ணை வெட்டும். பெரிய மெஷினில் ஒரு பக்கெட்டே 1,400 லிட்டர். வெட்டின மண் கன்வேயர் பெல்ட்டில் ஓடி, ஸ்ப்ரெடர் வழியாகக் கரி எடுத்து முடித்த பக்கத்தில் கொட்டும். ஒரு டன் கரியை எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணை நகர்த்த வேண்டும். பள்ளம் ஒரே இடத்தில் நிற்காது. முன்னால் வெட்டிக்கொண்டு, பின்னால் மூடிக்கொண்டு மெதுவாக நடந்து போகும். அது நடக்கிற வழியில் இருக்கிற வயலும் வீடும் விலக வேண்டியதுதான். சுரங்கம் இருக்கிற வரைக்கும் பக்கத்துக் கிராமத்துக்கு இந்தக் கவலை தீராது.

அந்தக் காலத்தில் நிலம் எடுக்க இருந்தது 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம். நிலத்துக்குப் பணம் கொடுக்கச் சொன்ன அந்தச் சட்டம், கிளம்பிப் போகிறவன் மறுபடி எங்கே, எப்படி வாழ்வான் என்று கவலைப்படவில்லை. நிலம் இல்லாமல் அதே வயலில் கூலி வேலை பார்த்தவனுக்கு என்ன வழி என்றும் அதில் சொல்லவில்லை. மறுவாழ்வையும் சேர்த்து யோசிக்கிற மத்தியச் சட்டம் 2013ல்தான் வந்தது. நெய்வேலியில் மண் வெட்டத் தொடங்கி 56 வருஷம் கழித்து!

நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பணி நிரந்தரம், சரியான நஷ்டஈடு, குறைந்து போகிற நிலத்தடி நீர்... இந்தக் கோரிக்கைகள் கடலூர் மாவட்டத்தில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் நடந்ததை டி.வி.யில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வரும் நேரத்து நெற்பயிரில் பொக்லைன் இறங்கியது. அந்த நிலத்தை ஏற்கனவே பணம் கொடுத்து எடுத்துவிட்டோம் என்பது நிறுவனத்தின் பக்கம். அறுவடை வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா என்பது விவசாயியின் பக்கம். உயர்நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

அன்றைக்கு அந்தச் செய்தியை எங்க வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தார். பாதி நெய்த சேலையில் கத்தரி வைத்த மாதிரி இருக்குது என்றுதான் எனக்குப் பட்டது. நெய்தவனுக்குத்தான் அந்த வலி புரியும். பணம் கொடுத்துவிட்டால் மட்டும் அது சரியாகிவிடாது.

அப்படியானால் நெய்வேலியே வந்திருக்கக் கூடாதா? காமராசர் செய்தது தப்பா? இதைப் பல நாள் யோசித்தேன். கரண்ட் இல்லாத தமிழ்நாட்டில் தொழிற்சாலை இல்லை, பாலிடெக்னிக் இல்லை, நான் இல்லை. கிரிட்டில் எல்லா மின்சாரமும் ஒன்றாகக் கலந்து ஓடும், இது நெய்வேலி கரண்ட், இது மேட்டூர் கரண்ட் என்று பிரிக்க முடியாது என்று நமக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எங்க வீட்டில் நான் பரீட்சைக்குப் படிக்கிற டியூப்லைட்டிலும், ராத்திரி அப்பா ஜரிகை கோக்கிற பல்பிலும் நெய்வேலியின் பங்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அப்படியென்றால் அந்த டீக்கடைப் பெரியவருடைய பலா மரமும் அதில் இருக்கிறது. பயனை அனுபவிக்கிறவன் நான். விலையைக் கொடுத்தவர் அவர். சுரங்கம் வந்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை மறந்தது தப்பு என்று சொல்ல வாய் வருகிறது.

கடைசி நாட்கள்

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி முதலமைச்சர் பதவியைக் காமராசர் தாமாகவே விட்டு இறங்கினார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்கு வர வேண்டும் என்ற அவருடைய யோசனைக்கு நாடு முழுவதும் காமராஜ் திட்டம் என்று பெயர். மற்றவர்களுக்குச் சொன்னதைத் தமக்கும் பொருத்திக்கொண்டார். 1964ல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார். அந்த ஆண்டு மே மாதம் நேரு மறைந்தபோது லால் பகதூர் சாஸ்திரியையும், 1966ல் சாஸ்திரி மறைந்தபோது இந்திரா காந்தியையும் பிரதமர் ஆக்கியதில் அவர் கை முக்கியமானது. தாம் அந்த நாற்காலியில் உட்கார நினைக்கவில்லை.

1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு இளம் மாணவர் தலைவரிடம் தோற்றார். அவர் திறந்த பள்ளிகளில் படித்து வளர்ந்த தலைமுறையே அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்காக அவர் யாரையும் சபிக்கவில்லை. 1969ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், சென்னை தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலை வீட்டில் உயிர் பிரிந்தது. அது வாடகை வீடு. ஊருக்கெல்லாம் அணையும் சுரங்கமும் தந்தவர் தமக்கென்று சென்னையில் ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வந்தது.

அவர் காலத்தில் எழுந்த முதல் அனல்மின் நிலையம் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடி, 2020ல் ஓய்வு பெற்றது. நிறுவனத்தின் பெயரும் 2016ல் என்.எல்.சி. இந்தியா என்று மாறிவிட்டது. சுரங்கம் மட்டும் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

நமக்கு ஒரு வேலை

நண்பர்களே, இன்னும் ஒரு வருஷத்தில் நம்மில் சில பேர் அப்ரன்டிஸ் ஆக நெய்வேலிக்குப் போகலாம். வேறு சில பேர் நிலம் அளக்கிற சர்வேயர் பக்கம் போகலாம், கால்வாய் வெட்டுகிற காண்டிராக்டரிடம் சேரலாம். அப்போது நம்ம கையில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் ஒரு கோடு போட வேண்டி வரும். அந்தக் கோடு எந்த வீட்டின் மேல், எந்த வயலின் மேல் போகிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் போடுவோம். பயிர் நிற்கிறதா, அறுவடைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மேலதிகாரிக்கு ஒரு குறிப்பாவது எழுதுவோம். டிப்ளமோக்காரன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று விட்டுவிடக் கூடாது. ஆறாம் வகுப்பு படித்தவர் கேட்டுத்தானே நெய்வேலி வந்தது!

ஒவ்வொரு ஜூலை 15ஆம் தேதியும் கல்வி வளர்ச்சி நாள் என்று காமராசர் படத்துக்கு மாலை போடுகிறோம். தப்பில்லை, போடுவோம். கூடவே அந்தப் பள்ளத்துக்கு மேலே காற்றில் கை நீட்டிய பெரியவரையும் ஒரு நிமிஷம் நினைப்போம். மதிய உணவில் பசித்த பிள்ளைகளின் வயிற்றை நினைத்த தலைவருக்கு, பசித்தவனை மறந்த பாராட்டு பிடிக்காது என்றே நான் நம்புகிறேன்.

நேற்று ராத்திரி இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்க தெருவில் கரண்ட் போய்விட்டது. தறி நின்றது. அப்பா குழியில் காலை வைத்தபடியே இருட்டில் காத்திருந்தார். கரண்ட் வந்ததும் அவர் நாடாவை எடுத்தார், நான் பேனாவை எடுத்தேன்.

வாழ்க பெருந்தலைவர் புகழ்! வாழ்க மண் கொடுத்த மக்கள்!